ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்க பி.எட் வேணுமா? தெரிஞ்சுக்கோங்க!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து ஷூவும் தோல் பொருட்களும் வெளிநாடுகளுக்குப் போகின்றன. அங்கிருந்து வரும் மெயிலுக்குப் பதில் எழுத, தரம் பார்க்க வருபவரிடம் பேச ஆங்கிலம் தேவை. ஷிப்ட் முடிந்து வரும் சூப்பர்வைசருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க என்ன தகுதி வேண்டும்?

தனியார் வகுப்பு என்றால் சட்டப்படி எதுவும் கட்டாயமில்லை. டெட் தேர்வு 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பள்ளி ஆசிரியர்களுக்கானது. பி.எட்டும் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்த படிப்புதான்.

பெரியவர்களுக்குக் கற்பிக்கவென்றே இருப்பது கேம்பிரிட்ஜின் 'செல்டா'. குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து கவனிக்க, நிஜமான மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். 18 வயது நிரம்பி, கல்லூரியில் சேரும் தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம், டிகிரி கட்டாயமில்லை. ஆன்லைனிலும் படிக்கலாம். கட்டணம்தான் கையைக் கடிக்கும்! ஹைதராபாத்தில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகமான இஃப்லுவிலும் ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுநிலைச் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகள் உள்ளன.

கவனிக்க வேண்டியது, சில நூறு ரூபாய்க்கு விளம்பரமாகும் '120 மணி நேர டெஃபல்' சான்றிதழ்கள். டெஃபல் என்பது பொதுப்பெயர், எந்த நிறுவனமும் அந்தப் பெயரில் சான்றிதழ் தரலாம். பணம் கட்டும் முன், 'நான் பாடம் நடத்துவதை யார் பார்த்துத் திருத்துவார்கள்?' என்று கேளுங்கள்.