சிங்கப்பூரில் ஆட்டிசம்: தொடக்க அறிதலும் ஆதரவும்

ஆட்டிசம் அல்லது மதியிறுக்கம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. பிறரோடு பழகுதல், பேச்சு, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், ஒலியையும் தொடுகையையும் உணரும் விதம் ஆகியவற்றில் இது வெளிப்படும். 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் இதைத் தனி நிலையாக விவரித்தார். வளர்ப்பு முறை இதற்குக் காரணம் அன்று. தடுப்பூசியோடு இதைத் தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ இதழ் 2010இல் விலக்கிக்கொண்டது.

அறிகுறிகள்

ஜன்னலோரம் மைனா வந்து உட்கார்ந்தால், ஒன்றரை வயதுக் குழந்தை அதை விரலால் சுட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ‘நீயும் பார்’ என்பதே அந்தப் பார்வையின் பொருள். இந்தப் பகிர்தல் இல்லாமை முக்கிய அறிகுறி. 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் பேசாமை, எந்த வயதிலும் பேசிய சொற்களை இழத்தல் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. ‘ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்’ என்று காத்திருப்பது குழந்தையின் விலைமதிப்பற்ற மாதங்களைப் பறித்துவிடும்.

பரிசோதனையும் உதவியும்

குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிச் சோதனைகளைப் பலதுறை மருந்தகங்களில் செய்துகொள்ளலாம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான ‘எம்-சாட்’ வினாப்பட்டியலில் 20 கேள்விகள் உள்ளன. பெற்றோரே பதில் சொல்கிறார்கள். அது ஐயத்தை மட்டுமே காட்டும்; உறுதிசெய்ய முழு மதிப்பீடு வேண்டும். ஜாலான் புசார், தேக்கா குடும்பங்களுக்கு அருகில், புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிப் பிரிவு இயங்குகிறது.

7 வயதுக்கு உட்பட்டோருக்கு ‘எய்பிக்’ எனப்படும் தொடக்கத் தலையீட்டுத் திட்டம் உண்டு. ஆசிரியர்களும் பேச்சு சிகிச்சையாளர்களும் செயல்முறை சிகிச்சையாளர்களும் அதில் சேர்ந்து பணியாற்றுகிறார்கள். ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கான பாத்லைட் பள்ளி 2004இல் தொடங்கியது. 2019இல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

வீட்டு மொழி

குழந்தை குழம்பிவிடும் என்று அஞ்சித் தமிழைக் கைவிடத் தேவையில்லை. இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்குத் தடையாவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சிகிச்சை வாரத்தில் சில மணி நேரம்தான். சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் பாட்டி தமிழில் பேசும் பேச்சும் அந்தக் குழந்தைக்குப் பயிற்சியே.