வேட்டைக்காரரும் மலையேறியும் ஓரணியில்: அமெரிக்கப் பொதுநிலக் கூட்டணியின் வரலாறு

அமெரிக்க நிலப்பரப்பில் கால் பங்குக்கும் மேல், ஏறக்குறைய 64 கோடி ஏக்கர், ஒன்றிய அரசுக்குச் சொந்தம். மரம், மேய்ச்சல், சுரங்கம், எண்ணெய் என்று அதன்மேல் கண்வைத்தோர் பலர். அது விலைபோகாமல் தடுத்ததில், பொழுதுபோக்குக்காகக் காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்லர்.

1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ரொக்கெட் கழகம் வேட்டைக்காரர்களுடையது. 1892இல் ஜான் மியூர் தலைமையில் உருவான சியரா கிளப் மலையேறிகளுடையது. தூண்டில்காரர்கள் 1922இல் சிகாகோவில் ஐசக் வால்டன் லீகைக் கண்டார்கள். இதற்கிடையே, சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913இல் சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்துப் போராடிய மியூர் தோற்றார்.

திருப்பம் 1950களில் வந்தது. கொலராடோ–யூட்டா எல்லையிலுள்ள டைனசோர் தேசிய நினைவிடத்தில், எக்கோ பார்க் என்ற இடத்தில் அணை கட்டத் திட்டமிட்டார்கள். அந்த இடத்தை நேரில் பார்த்தவர்களே குறைவு. அதனால் சியரா கிளப் ஆட்களைப் படகில் ஏற்றி ஆற்றோடு அழைத்துப்போய்க் காட்டியது. 1954இல் நாடாளுமன்றக் குழுமுன் சாட்சி சொன்ன சியரா கிளப்பின் டேவிட் ப்ரவர், கரும்பலகையில் சாதாரணக் கழித்தல் கணக்கைப் போட்டு, நீர் ஆவியாதல் பற்றிய அரசுப் பொறியாளர்களின் கணக்கில் பிழை இருப்பதை எடுத்துக்காட்டினார். வால்டன் லீக், வனாந்தரச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் கைகோத்தன. 1956இல் நிறைவேறிய சட்டத்தில் எக்கோ பார்க் அணை இல்லை.

வெற்றிக்கு விலை இருந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிளென் கேன்யனில் அணை எழுந்தது. அதை எதிர்க்காமல் விட்டதற்காக ப்ரவர் பிற்காலத்தில் வருந்தினார்.

எக்கோ பார்க் போராட்டத்தின் வேகத்தில், ஹோவர்ட் ஸானிஸர் வரைந்த வனாந்தரச் சட்டம் 1964 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தானது. அதே நாளில் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டமும் வந்தது. முதல் சட்டம் வனாந்தரப் பகுதிகளில் இயந்திரப் போக்குவரத்தைத் தடைசெய்தது. பின்னால் வந்த மலை மிதிவண்டிக்கும் அந்தத் தடை பொருந்தியதால் ஓட்டிகளுக்கும் நடையர்களுக்கும் மனக்கசப்பு வளர்ந்தது.

பகை மறந்து சேரவைத்தது விற்பனை அச்சம்தான். 2017 ஜனவரியில் யூட்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் 33 லட்சம் ஏக்கர் பொதுநிலத்தை விற்க மசோதா கொண்டுவந்தார். வேட்டைக்காரர்கள் கொதித்தெழவே, சில நாள்களில் வேட்டை உடையில் நாயுடன் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு மசோதாவைக் கைவிட்டார். அடுத்த மாதமே, தங்கள் மாநிலத்திலுள்ள பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடத்தை யூட்டா தலைவர்கள் எதிர்த்ததைக் கண்டித்து, வெளிப்புற விளையாட்டுப் பொருள் வணிகக் கண்காட்சி சால்ட் லேக் சிட்டியை விட்டு விலக முடிவெடுத்தது. அந்த நினைவிடத்தை முதலில் கேட்டவர்கள் ஐந்து பழங்குடி இனத்தார் என்பதைப் பொழுதுபோக்கு அமைப்புகளின் கதையில் மறைத்துவிடக் கூடாது.

2020இல் இரு கட்சி ஆதரவோடு, நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலர் உறுதியானது. பணம் வருவது கடலடி எண்ணெய் எடுப்பின் வருவாயிலிருந்து!

2025 ஜூனில் செனட்டர் மைக் லீ மேற்கு மாநில நிலங்களை விற்கும் பிரிவை வரவுசெலவு மசோதாவில் சேர்த்தார். வேட்டைக்காரர், தூண்டில்காரர், மலையேறி என எல்லாத் தரப்பும் எதிர்க்க, அதே மாதம் 28ஆம் தேதி விலக்கிக்கொண்டார். வனாந்தரப் பகுதிகளில் மிதிவண்டிக்கான தடை மட்டும் இன்றும் நீங்கவில்லை.