ஹப்புவிட அரக்கும் யப்பானிய அரக்கும்

கண்டியிலிருந்து மாத்தளை வரை 1880 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற புகையிரதப் பாதையில், மாத்தளையை அணுகுமுன் உக்குவளை நிலையம் எதிர்ப்படும். மிளகும் கராம்பும் கொக்கோவும் செழிக்கும் இவ்வூர்ப் பகுதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோப்பித் தோட்டத்திலே தொடங்குவர். தோட்டங்கள் தோன்றுதற்கு முன்னரே மாத்தளை நாட்டிற்குக் கைவினையால் வந்த ஒரு புகழ் உண்டு. இம்மாவட்டத்து ஹப்புவிட என்னும் சிற்றூரின் அரக்கு வேலையே அதற்குக் காரணமாகும்.

அரக்கு வேலை என்றதும் உலகம் நினைப்பது யப்பானையே. ஆங்கிலேயர் முற்காலத்தில் அரக்குப் பூசுதலை ‘யப்பான்’ என்னும் பெயரையே வினைச்சொல்லாக்கி வழங்கினர். அந்நாட்டில் அரக்குக் கிண்ணம் இன்றும் உணவு மேசையிலே காணப்படுகின்றது. மாத்தளை அரக்கோ விற்பனை நிலையத்தின் கண்ணாடிப் பெட்டியிலே தங்கிவிட்டது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

முதலிற் பொருளை நோக்குவோம். இரண்டும் அரக்கெனப் பெயர் பெறினும் இரண்டும் ஒன்றல்ல. யப்பானியர் ‘உருஷி’ என்பது ஒரு மரத்தின் பால். ஈரக் காற்றிலே மெல்ல இறுகும் அது, இறுகியபின் வெந்நீருக்கும் அஞ்சாது. நம் நாட்டு அரக்கோ சிறு பூச்சியொன்று கிளைகளிற் சுரந்து படியவைக்கும் பிசின். சூட்டில் இளகுவதும் ஆறியபின் இறுகுவதும் அதன் இயல்பு. இலங்கைக் காடுகளிற் காணப்படும் கெப்பெட்டியாச் செடிக்குத் தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயரிலேயே அரக்கைத் தாங்குவது என்னும் பொருள் அமைந்துள்ளது. ஆயினும் இந்தியாவிலிருந்து வந்த அரக்கும் இங்குப் பயன்பட்டது. செந்நிறத்திற்குச் சாதிலிங்கமும் மஞ்சள் நிறத்திற்கு அரிதாரமும் சேர்ப்பர். சாதிலிங்கம் என்னும் சொல் சிங்களத்திலும் ஏறக்குறைய அவ்வாறே ஒலிப்பது, இவ்வண்ணப் பொருள்கள் மொழி எல்லைகளைக் கடந்து வழங்கியதைக் காட்டும்.

அரக்கினைத் தூய்மை செய்து, கரி நெருப்பிலே இளக்கி, வண்ணத்தைச் சேர்த்து, இழுப்பதும் அடிப்பதுமாகப் பன்முறை பிசைந்து கோல்களாக்குவர். பின்னர் மரத்தைச் சூடாக்கி அடிநிறத்தைப் பூசி, பனையோலை போன்ற தாளிப்பனை ஓலை நறுக்கினாலே தேய்த்து வழவழப்பாக்குவர். இதுவரை செய்வது பிற இடங்களுக்கும் பொதுவே. ஹப்புவிடக்கே உரிய சிறப்பு இதன் பின்னர் வருவது. வேறொரு நிறக் கோலைச் சூடாக்கி, அதனை மெல்லிய நூலாக இழுத்து, அந்நூலை மரத்தின்மேற் பதித்து, வேண்டிய இடத்திலே கட்டைவிரல் நகத்தாற் கிள்ளி அறுப்பர். தூரிகையும் இல்லை, உளியும் இல்லை. கொடியும் இலையும் புள்ளியும் நகத்தின் அளவினாலேயே அமையும். இதனைச் சிங்களத்தில் ‘நியபொத்து’ வேலை, அதாவது நக வேலை, என்பர். கடைசற் பொறியிலே மரத்தைச் சுழற்றி, உராய்வின் சூட்டினால் அரக்கை ஒட்டவைக்கும் மற்றொரு முறை தென்னிலங்கையில் உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களைக் கையாண்டவர்கள் அம்முறையை எளிதில் உணர்வர். அது விரைவாக முடியும். நக வேலைக்கோ பொறுமையே மூலதனம்.

ஏட்டுச் சட்டங்கள், ஈட்டித் தண்டுகள், ஆலவட்டக் காம்புகள், கைத்தடிகள், செப்புகள் முதலியன இவ்வாறு அழகு பெற்றன. இவற்றைச் செய்தோர் சந்தையை நம்பி வாழ்ந்தவரல்லர். அரசனுக்கோ விகாரைக்கோ தலைவனுக்கோ செய்யும் ஊழியத்திற்கு ஈடாக நிலம் பெற்று, அந்நிலத்தை உண்டு வாழ்ந்தனர். 1815 இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1832 இல் கோல்புறூக்கின் பரிந்துரைப்படி இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தமை நன்றே. அதனைக் குறை கூறுதற்கில்லை. விகாரை நிலங்களில் ஊழியம் நீடித்ததாயினும், 1870 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழிசெய்தது. கொல்லனும் தச்சனும் புதிய தோட்டங்களிலும் வேலை தேடிக்கொள்ளலாம். ஏடும் ஈட்டியும் மறைந்த நாட்டில் அரக்கு வேலைக்காரன் யாரிடம் செல்வான்?

இவ்வினாவை முதன்முதல் ஆழ்ந்து எழுப்பியவர் ஒரு தமிழரின் மைந்தர். சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வராய் 1877 இற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் அளவைப் பணியின் பொருட்டு மலைநாட்டை அடைந்து, கற்களை ஆராய வந்த இடத்திலே கைவினைஞரைக் கண்டார். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது. வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அது அச்சிடப்பெற்றது. படங்களிற் பலவற்றை அவர் மனைவியார் எதெல் எடுத்தார். அச்சிட்ட படிகள் 425 மாத்திரமே. நூலின் பொருளாய் அமைந்த கைவினைஞருள் ஒருவனேனும் அதனைக் கண்ணாற் கண்டிருத்தல் ஐயமே. 1917 இல் அவர் பொஸ்தன் நுண்கலைக் கூடத்திற்குச் சென்றார். ‘தேநீர் நூல்’ எழுதிய யப்பானியப் பேரறிஞர் ஒகாகுரா முன்பு பணியாற்றியதும் அக்கூடத்திலேயே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

யப்பானில் இதே கவலை வேறு வழியிற் சென்றது. யனகி சோயெட்சு என்பவர் 1925 இல், குயவர் ஹமாடா, கவாய் ஆகியோருடன் கூடி, மக்கட் கைவினை என்னும் பொருளில் ‘மிங்கெய்’ என்ற சொல்லை ஆக்கினார். பெயரறியாத தொழிலாளி மலிவாகச் செய்து, எளிய வீட்டிலே நாள்தோறும் புழங்கும் பொருளே அழகுக்கு அளவுகோல் என்பது அவர் கொள்கை. 1936 இல் தோக்கியோவிலே அதற்கென ஒரு காட்சிசாலை எழுந்தது. அவர் மைந்தர் சோரி யனகி தந்தையின் பொருள்களைப் போலிசெய்தவரல்லர். 1954 இல், வளைத்த ஒட்டுப்பலகை இரண்டினைப் பித்தளைத் தண்டொன்றினால் இணைத்து ஓர் இருக்கை அமைத்தார். கெண்டி, கரண்டி முதலியனவற்றையும் வடிவமைத்தார். பின்னர் 1977 இல் அதே காட்சிசாலைக்குத் தலைவரானார். பழமையைக் காத்தலும் புதுமையைச் செய்தலும் ஒருவரிடமே இணங்கியிருந்தன. 1974 இல் யப்பான் இயற்றிய மரபுக் கைவினைச் சட்டம், பொருள் முதன்மையாக அன்றாட வாழ்விற் பயன்படுவதாய் இருத்தல் வேண்டும் என்பதனையும் ஒரு நிபந்தனையாக்கியது. எவ்வளவு தொன்மை என்று மட்டும் கேட்டு அச்சட்டம் நின்றுவிடவில்லை.

யப்பானைப் புகழ்வோர் மறைப்பதும் உண்டு. அங்கும் மரபுக் கைவினைஞர் தொகை மிகச் சுருங்கிவிட்டது. உருஷிப் பாலின் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகின்றது. மலிந்த கிண்ணங்கள் பல பிளாஸ்ரிக்கினால் ஆனவை. அரக்குப் பாத்திரத்திற்குப் பேர்போன வாஜிமா நகரம் 2024 சனவரி முதலாம் நாள் நிலநடுக்கத்தினாற் பெருஞ்சேதமுற்றது. ஆயினும் அங்குக் கிண்ணத்தை மீட்க முயல்வோருக்கு, அது எதற்கு என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் 1964 இல் ‘லக்சல’ தோன்றியது. 1982 இல் தேசிய அருங்கலைகள் பேரவைக்குச் சட்டம் வந்தது. இவை கைவினைஞருக்குச் சோறு அளித்ததை மறுத்தல் நன்றியன்று. ஆனால் வாங்குவோன் பெரும்பாலும் வழிப்போக்கனாகிய உல்லாசப் பயணியே. அவன் ஒருமுறை வாங்குவான். தேய்ந்தது, மாற்றித் தருக என்று மீண்டும் வரமாட்டான். கைவினை திருந்துவது அவ்வாறு மீண்டு வருவோனாலேயே. போதாக்குறைக்கு, தொழிலோடு சாதிப்பெயரும் ஒட்டிக்கொண்ட நாட்டிலே, படித்த பிள்ளை தந்தையின் கரி அடுப்பை விட்டு விலகுவது வியப்பன்று.

மாத்தளையிலேயே மாற்றுவழி ஒன்றும் தோன்றிற்று. அலுவிகாரையிற் பட்டறைகள் அமைத்த எனா டி சில்வா, யாவாவின் பத்திக் முறையை எடுத்து, கண்டி நாட்டுக் கொடிகளின் வண்ணத்தையும் துணிவையும் அதிலே புகுத்தினார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அத்துணிகளைப் பெந்தோட்டை விடுதியின் கூரைக்கே பயன்படுத்தினார். அவ்வம்மையார் 2015 இல் மறைந்தார். அரக்கிற்கு அத்தகைய வடிவமைப்பாளர் இன்னும் வாய்க்கவில்லை. சூட்டிற்கு இளகும் இவ்வரக்கு சோற்றுக் கிண்ணமாகாது, தேநீர்க் கோப்பையுமாகாது. ஆனால் ஈட்டித் தண்டும் ஆலவட்டக் காம்பும் கைபற்றும் பொருள்களே. இழுப்பறைக் குமிழ், குடைக் காம்பு, எழுதுகோல், கதவுப் பிடி ஆகியன உக்குவளையின் எந்த வீட்டிலும் உண்டு. நாள்தோறும் கை அவற்றைத் தொடுகின்றது.