இரங்கலுரையும் அரசியலும்: அந்தமான் தீவுப் பெயர்கள்

புரவலன் மறைந்தபின் அவனை நம்பி வாழ்ந்தோர் புலம்புவதைத் தமிழ் இலக்கணம் கையறுநிலை என்கிறது. அந்தத் துயரம் பாடியவருடையது. அரசு இரங்கும்போது நிலைமை வேறு: இறந்தவர் எதற்காக இறந்தார் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. அந்தமானில் அப்படிச் சொன்னவை தீவுகளின் பெயர்களாகவே நின்றுவிட்டன.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து அரசுப் படகுகள் செல்லும் ஹேவ்லாக், நீல் தீவுகள் 1857 கிளர்ச்சியின்போது லக்னோவில் இறந்த இரு பிரிட்டிஷ் தளபதிகளின் பெயரைத் தாங்கியிருந்தன. ஹென்றி ஹேவ்லாக் நோயில் இறந்தார். ஜேம்ஸ் நீல் சண்டையில் விழுந்தார். அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் வாங்கிய பழி கொடூரமானது. அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை 1858 மார்ச்சில் கொண்டுவந்து இறக்கியதும் இதே அந்தமானில்தான். கைதிகளைச் சூழ்ந்த கடலில், அவர்களை ஒடுக்கியவர்களுக்கே அஞ்சலி.

சென்னை மவுண்ட் ரோட்டிலும் நீலுக்குச் சிலை இருந்தது. அதை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. தீவுக்கு நீலின் பெயர் மேலும் 81 ஆண்டுகள் இருந்தது.

1943 டிசம்பர் 30 அன்று, ஜப்பானியர் பிடியிலிருந்த போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றினார். அங்கிருந்த செல்லுலார் சிறையைப் பாரிஸின் பஸ்தீல் சிறையோடு ஒப்பிட்டவர் அவர். அவருடைய அரசு அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிகோபாருக்கு சுவராஜ் என்றும் பெயரிட்டது. ஷஹீத் என்றால் தியாகி. 1933 உண்ணாவிரதத்தில் அந்தச் சிறையில் மடிந்த மகாவீர் சிங் போன்றோருக்கு அது பொருத்தமான சொல். ஆனால் கொடியேறிய நாளில் மருத்துவர் திவான் சிங் ஜப்பானியரின் சித்திரவதையில் கிடந்தார். நேதாஜி தலைமையேற்றிருந்த இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவர் அவர். 1944 ஜனவரி 14இல் உயிர்விட்டார். அதே மாதம் 30இல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை ஜப்பானியர் கொன்றார்கள். நேதாஜியின் கூட்டாளி நாட்டின் கையால் விழுந்த இவர்களுக்கு அன்று எந்த மேடையும் இல்லை.

கொடியேற்றத்தின் 75ஆம் ஆண்டு நிறைவில், 2018 டிசம்பர் 30 அன்று, பிரதமர் மோடி ஹேவ்லாக்கை சுவராஜ் தீவு என்றும் நீலை ஷஹீத் தீவு என்றும் அறிவித்தார். ராஸ் தீவு நேதாஜியின் பெயரைப் பெற்றது. 2023 ஜனவரி 23இல், நேதாஜி பிறந்தநாளில், மேலும் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற வீரர்களின் பெயர்கள் வந்தன. இந்த 24 பெயர்களில் திவான் சிங்கின் பெயர் இல்லை. ஹம்ஃப்ரிகஞ்சில் ‘பலிதான் வேதி’ என்ற நினைவிடம் இருக்கிறது. ஜனவரி 30 அன்று அங்கே கூடி மலர் வைக்கிறார்கள்.