உடல் மறவாத உறவுக் கிருமி

2003ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சார்ஸ் நோய் 238 பேரைப் பற்றியது. 33 பேர் உயிரிழந்தனர். பள்ளிப் பிள்ளைகள் வெப்பமானியால் தம் உடல் வெப்பத்தை நாள்தோறும் அளந்து குறித்த அம்மாதங்களை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குணமடைந்தோருள் பலரது இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்கள் சில ஆண்டுகளிலேயே மறைந்தன. அவ்வாறாயின், உடல் அந்நோயை மறந்துவிட்டதா?

விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். நெஞ்சினுள் இதயத்திற்கு மேலே உள்ள தைமஸ் சுரப்பி நெடுங்காலம் பயனற்ற உறுப்பாகவே எண்ணப்பட்டது. 1961இல் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதனை அகற்றினார். அவை நோய்க்கு எளிதில் இரையாயின. அச்சுரப்பியில் முதிர்வனவே டி செல்கள். சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தே இந்த 'டி'. தமிழில் 'தைமஸ்' என்று ஒலிக்கும்போது இத்தொடர்பு மறைந்துபோவதால், வகுப்பறையில் இதனை எடுத்துச் சொல்வது நன்று.

எதிர்ப்பொருள் கிருமியின் மேலுறையைப் பற்றுகிறது. டி செல் காண்பதோ வேறு. கிருமி புகுந்த செல், அதன் புரதங்களைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, தனக்கே உரிய தாங்கி மூலக்கூறுகளில் ஏந்தி, மேற்பரப்பில் காட்டுகிறது. டி செல் அத்தாங்கியையும் துண்டையும் சேர்த்தே அறிகிறது. தாங்கியின் பங்கினை டோகெர்ட்டியும் சிங்கர்நாகலும் 1973இல் கான்பராவில் எலிகளிடம் கண்டறிந்தனர். 1996இல் நோபெல் பரிசு பெற்றனர். ஏந்தப்படும் துண்டு பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலங்கள் அளவினதே. மேலுறை அடிக்கடி மாறினும், உட்புரதங்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. உறவுக் கிருமிகளிடையே பொதுவாய் நிற்பவையும் அவையே. ஒரு வகை இன்ஃபுளுவென்சாவை எதிர்த்துப் பழகிய டி செல்கள் மேலுறை வேறான மற்றொரு வகையையும் தாக்கின என்பது 1977இலேயே எலிகளிடம் புலப்பட்டிருந்தது.

2020இல் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் அந்தோனியோ பெர்தொலெத்தி குழுவினர், சார்ஸிலிருந்து மீண்ட 23 பேரின் இரத்தத்தை ஆய்ந்தனர். பதினேழு ஆண்டுகள் கழிந்தும், கிருமியின் மரபுப்பொருளைப் பொதிந்துள்ள உட்புரதத்தை அறியும் டி செல்கள் அவர்களிடம் நிலைத்திருந்தன. அவை அதுவரை சந்தித்திராத கொவிட்-19 கிருமியின் புரதத்தையும் அடையாளங்கண்டன. இவ்விரு கிருமிகளின் அப்புரதம் ஏறத்தாழ 90 விழுக்காடு ஒத்தது. வியப்புக்குரியது இன்னொன்று: இவ்விரு நோய்களையும் அறியாத சிலரிடமும் இத்தகைய டி செல்கள் காணப்பட்டன. அவற்றுள் சில அறிந்த துண்டுகள், சளிக்காய்ச்சல் தரும் கொரோனா கிருமிகளைவிட விலங்குகளிடையே உலவும் கொரோனா கிருமிகளோடு மிக ஒத்திருந்தன.

எனினும், அறிதல் வேறு, காத்தல் வேறு. டெங்கிக் கிருமி நான்கு வகைப்படும். இரண்டாம் முறை வேறு வகை தொற்றுகையில் நோய் கடுமையாவதுண்டு. தாய்லாந்துச் சிறுவர்களிடம் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், அவர்களிடம் பெருகிய டி செல்களுள் பல, முன்னர் வந்த வகைக்கே ஏற்றவையாகத் தோன்றின; அப்போது தொற்றியிருந்த வகையை அவை தளர்வாகவே பற்றின.