ஒட்டுசுட்டானின் உச்சிவானில் ஒரு செங்குள்ளன்: எந்தப் புறக்கோளை இங்கிருந்து அளக்கலாம்?

1. ஆய்வின் எல்லை

சூரியனைவிடச் சிறியதாய், மங்கலாய், வெப்பம் குறைந்ததாய் எரியும் விண்மீன்களே செங்குள்ளன்கள். பால்வீதி விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவைதான். ஆனாலும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. இவற்றைச் சுற்றும் கோள் ஒன்றைப் பற்றிச் செய்தி வந்தால் ‘இரண்டாம் பூமி’ என்று தலைப்பிடுவது பத்திரிகைகளுக்கு வழக்கமாகிவிட்டது. வன்னி மாணவர் ஒருவர் தாமே அளந்து பார்க்கக்கூடிய கோள் எது என்று யாரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அதை மட்டுமே கேட்கிறது. இடம், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலுள்ள ஒட்டுசுட்டான். வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேல்.

2. அருகில் இருப்பது ஏன் உதவாது

சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் புரொக்சிமா சென்டோரி, தூரம் 4.24 ஒளியாண்டு. அதைச் சுற்றும் கோளைக் கில்லெம் அங்லாடா-எஸ்குடே தலைமையிலான குழு 2016 ஓகஸ்டில் அறிவித்தது. அதன் நிறை குறைந்தது பூமியளவு. ஆண்டின் நீளம் 11.2 நாள். ஜூன் மாத முன்னிரவில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நின்று தெற்கே பார்த்தால், தென்சிலுவைக்குக் கிழக்கே அல்பா சென்டோரி பளிச்சென்று தெரியும். புரொக்சிமாவும் அதற்கு அருகில்தான் இருக்கிறது.

ஆனால் அது இங்கே அடிவானுக்கு மேல் 18 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. உச்சியிலிருந்து வரும் ஒளியைவிட மூன்று மடங்கு காற்றைத் துளைத்தே அதன் ஒளி வரவேண்டும். கோளும் நம் பார்வைக் கோட்டில் விண்மீனைக் கடந்து செல்வதில்லை; ஆகவே விண்மீனின் ஒளி மங்குவதைக் கொண்டு அதை அளக்க முடியாது. கோளின் ஈர்ப்பால் விண்மீனுக்கு ஏற்படும் தள்ளாட்டம் விநாடிக்கு ஒரு மீற்றரைச் சற்றே மிஞ்சுகிறது. அதை அளக்கப் பெரிய நிலையங்களின் நிறமாலைமானி வேண்டும். போதாததற்கு விண்மீன் அடிக்கடி சீறுகிறது. 2019 மே 1 அன்று நிகழ்ந்த வெடிப்பில் அதன் புறஊதா ஒளி சில விநாடிகளில் 14,000 மடங்கு பெருகியது. நமது ஆய்வுக்கு இது ஏற்றதல்ல.

3. ஜி.ஜே. 1214

3.1 இடம்

விருச்சிகத்தின் கேட்டைக்கு வடக்கே, 48 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள செங்குள்ளன் ஜி.ஜே. 1214. ஒட்டுசுட்டானில் உச்சியிலிருந்து நான்கு பாகை தள்ளி இது கடந்து செல்கிறது. ஜூன் நடுப்பகுதியில் நள்ளிரவை ஒட்டித் தலைக்கு மேலே நிற்கும். டிசம்பரில் சூரியனோடு சேர்ந்து பகல்வானில் இருக்கும். வடகீழ்ப் பருவமழை வன்னியை மூடும் காலமும் அதுதான்; ஆகவே மாரியால் நாம் இழப்பது எதுவுமில்லை.

3.2 ஆழம்

2009இல் டேவிட் ஷார்போனோவின் எம்-ஏர்த் குழு இதன் கோளைக் கண்டுபிடித்தது. அரிசோனாவின் மவுண்ட் ஹொப்கின்ஸில் அவர்கள் நிறுவிய தொலைகாட்டிகள் ஒவ்வொன்றின் விட்டமும் 40 சென்ரிமீற்றர்தான். கோளின் ஆரை பூமியைப்போல் 2.7 மடங்கு. விண்மீனின் ஆரையோ சூரியனின் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் கோள் குறுக்கே போகும்போது ஒளி 1.3 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இதே கோள் சூரியன் போன்ற ஒரு விண்மீனைக் கடந்தால் 0.06 சதவீதம்தான் குறையும். எங்கள் கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாட்டில் இருக்கிறது.

3.3 அளக்கும் முறை

கடப்பு 52 நிமிடம் நீடிக்கும். ஒரு மணித்தியாலம் முன்பே தொடங்கி, சிவப்பு வடிகட்டி போட்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். அதே படத்தில் விழும் அயல் விண்மீன்கள் இரண்டு மூன்றைத் தெரிந்து, அவற்றின் ஒளியால் இதன் ஒளியை வகுக்க வேண்டும். மெல்லிய முகில் வந்தாலும் எல்லாம் சேர்ந்து மங்குவதால் விகிதம் பெரிதாக மாறாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அயல் விண்மீன்கள் இவ்வளவு சிவப்பானவை அல்ல. அடிவானை நெருங்க நெருங்கக் காற்று நீலத்தைக் கூடுதலாக விழுங்குவதால், விண்மீன் மேலே ஏற ஏற விகிதம் தானாகவே சரியத் தொடங்கும். அனுபவமற்றவர் அதைக் கோள் என்று எடுத்துக்கொள்வார். உச்சிக்கு அருகே இந்தக் கோளாறு மிகவும் குறைவு. மவுண்ட் ஹொப்கின்ஸில் இவ்விண்மீன் 63 பாகை வரைதான் ஏறுகிறது. இங்கே 86 பாகை. கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஆனால் உச்சியை அண்டும்போது சாதாரணத் தாங்கிகள் தடுமாறும் என்பதால், நிலநடுக்கோட்டு வகைத் தாங்கியே வேண்டும்.

சுற்றுக்காலம் 1.5804 நாள். பத்தொன்பது சுற்றுக்கு 30 நாளும் 40 நிமிடமும் ஆகிறது. ஓரிரவு பார்த்த கடப்பை அடுத்த மாதமும் ஏறக்குறைய அதே நேரத்தில் பார்க்கலாம். காலத்தை இப்படிச் சரிபார்ப்பதே உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களுக்கு நல்லதொரு செயற்றிட்டம்.

4. கோளின் இயல்பு

இதை இரண்டாம் பூமி என்று எவரும் சொல்லமுடியாது. அதுவும் ஒரு நன்மைதான். நிறை பூமியைப்போல் எட்டு மடங்கு. விண்மீனிலிருந்து 22 இலட்சம் கிலோமீற்றரில், அதாவது நிலாத்தூரத்தின் ஆறு மடங்கில் சுற்றுகிறது. 2014இல் வெளியான ஹபிள் தொலைகாட்டியின் நிறமாலையில் எந்த வாயுவின் தடமும் பிடிபடவில்லை. உயரத்திலுள்ள முகிலோ புகாரோ எல்லாவற்றையும் மறைத்திருந்தது. 2023இல் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் அளவீடு, பகற்பக்கத்தில் ஏறத்தாழ 280, இராப்பக்கத்தில் 165 பாகை செல்சியஸ் வெப்பநிலையைக் காட்டியது.

5. மற்றைய தெரிவுகள்

சிங்க இராசியிலுள்ள கே2-18 உச்சிக்கு இன்னும் நெருக்கமாகச் செல்கிறது. ஆனால் அதன் கோள் 33 நாளுக்கொருமுறை 0.3 சதவீதம் மட்டுமே மறைக்கிறது. 2025 ஏப்ரலில் நிக்கு மதுசூதனன் குழு அங்கே உயிரின் அறிகுறி இருக்கலாம் என்று சொன்னதும், அதைப் பலர் மறுத்ததும் பெரிய தொலைகாட்டிகளின் வழக்கு. நாம் தலையிட இடமில்லை. கும்பத்திலுள்ள ட்ராப்பிஸ்ட்-1, ஏழு கோள்களோடு இருந்தாலும், எம்-ஏர்த் அளவிலான சிறு தொலைகாட்டிக்கு மிகவும் மங்கல்.

6. முடிபு

மொறட்டுவ கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்துக்கு 1996இல் ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி, எம்-ஏர்த் குழு பயன்படுத்தியவற்றைவிடப் பெரியது. ஆனால் அது நிற்பது கொழும்பின் வெளிச்சத்துக்குள். அந்த அளவில் ஒன்றை வன்னியில் நிறுவுவதற்கு வவுனியாப் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும். ஒட்டுசுட்டான் வட்டாரத்தில் இருண்ட வெளி ஒன்றைத் தெரிவுசெய்து, உயர்தர மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் இலக்காக ஜி.ஜே. 1214ஐ வைத்தால் போதும்.