அணிகலனும் கைவினைஞன் தனித்தன்மையும்

பழந்தமிழர் அணிகலன்களின் பெயரும் நிறையும் நமக்கு எளிதிற் கிடைக்கின்றன. அவற்றைச் செய்த கைவினைஞன் தன் அழகுணர்ச்சியை அவற்றில் எவ்வாறு புலப்படுத்தினான் என்பதோ எளிதிற் புலனாவதன்று. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாம் இராசராச சோழன் (கி. பி. 985–1014) தஞ்சையில் எடுப்பித்த இராசராசேச்சரத்தின் கல்வெட்டுகள் இவ்வாய்விற்குப் பெரிதும் துணைபுரிவன. அரசனும் அவன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் திருமேனிகளுக்கு அளித்த அணிகள் அவற்றில் ஒவ்வொன்றாக விரித்துரைக்கப்பட்டுள்ளன. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் மணிகளைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தனர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. அரக்கும் பிஞ்சும்கூட நிறையிற் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. வைரத்திலுள்ள முறிவும் புள்ளியும் மறைக்கப்படவில்லை. ஆயினும், அணியோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டது கொடுத்தார் பெயரே. செய்தார் பெயர் அன்று.

இதனைக் கொண்டு கைவினைஞன் மதிக்கப்படவில்லை எனத் துணிதல் பொருந்தாது. கோயிற்பொருள் குறையாமற் காப்பதே அக்கல்வெட்டுகளின் கருத்து. நிறுக்கவும் எண்ணவும் கூடியவற்றையே அவை கூறும். கைத்திறனை நிறுக்கக் கல் ஏது?

எனினும், அக்கணக்கினுள்ளேயே கைத்திறனுக்குச் சான்று உண்டு. ஒரே அணியில் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி எனப் பலவகை முத்துகள் கலந்து வருதலைக் காண்கின்றோம். நீரோட்டத்தாலும் அவை குளிர்ந்த நீரின, சிவந்த நீரின என வேறுபடும். உருவும் ஒளியும் ஒவ்வாத இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயைத்து அழகு தோன்றச் செய்தல் நிறைகோலின் தொழிலன்று; கைவினைஞனின் கண் தேர்ந்த தேர்வாகும். அவனது தனித்தன்மை இத்தேர்விலேயே அமைந்துள்ளது என்க.

கல்வெட்டு கூறாது விட்ட இக்கண்ணினை இலக்கியம் காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தில் கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பின் வேலைப்பாட்டினை, மணியும் வயிரமும் பதித்த குழிகளின் வரிசை முதலாக, முற்ற நோக்கியவன் பொற்கொல்லன் ஒருவனே. பாண்டியனோ அச்சிலம்பைப் பாராமலே ஆணையிட்டான். பின்னர் வழக்குரைத்த கண்ணகியும் புறத்து வேலைப்பாட்டைச் சான்றாகக் காட்டவில்லை. தன் சிலம்பின் உள்ளிடு பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தேவியின் சிலம்பு முத்துடையது என்றான். உடைத்துக் கண்ட பரலே உண்மையை நிறுவிற்று. ஆகவே, செய்தவன் கையை அணியின் புறத்தே படித்தறியும் ஆற்றல் அத்தொழிலுடையானிடமே நின்றது எனலாம். அவ்வாற்றல் பெற்ற ஒருவனே அதனை வஞ்சனைக்குப் பயன்படுத்தியதும், ஏனையோர் அதனை அறியாதிருந்ததும் அவ்வவலத்தைப் பின்னும் மிகுவிக்கின்றன.

தஞ்சைக் கல்வெட்டுகள் கூறும் அணிகள் இன்று நமக்குக் கிடைத்தில. எஞ்சியிருப்பன எண்ணும் நிறையும் பெயர்களுமே. அவற்றைச் செல்வத்தின் அளவாக மட்டும் கொள்ளாது, பெயர் தெரியாத ஒருவன் எதனை எதனோடு இணைத்தான் என்பதற்குரிய குறிப்பாகவும் படித்தல் வேண்டும். அங்ஙனம் படிப்பின், மறைந்துபோன அணிகளின் அழகு ஓரளவேனும் நமக்குப் புலனாகும். கைவினைஞனும் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறுவான்.